பழைய ஜீப்பில் இருப்பது எந்தக் கியர்பாக்ஸ் என்று அடையாளம் காணும் முறை

பழைய ஜீப் வைத்திருப்பவர்களில் பலர் சேசிஸ் எண்ணையும் இஞ்சின் எண்ணையும் மனப்பாடமாகச் சொல்வார்கள். கியர்பாக்ஸ் எந்த வகை என்று கேட்டால் மட்டும் "மூன்று கியர்" அல்லது "நான்கு கியர்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை அந்தப் பதில் போதும். ஒரு பேரிங் இரையத் தொடங்கும்போதோ, இரண்டாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வரும்போதோ, கிளட்ச் தட்டு மாற்ற நேரும்போதோ அது போதாமல் போகிறது. சிங்க்ரோ வளையம் (கியர் மாற்றும்போது பற்கள் உரசாமல் இணைய உதவுவது), பேரிங், எண்ணெய் சீல், கேஸ்கட், கிளட்ச் தட்டின் நடுவில் உள்ள பல்வரிசை என எல்லாமே கியர்பாக்ஸின் வகையைப் பொறுத்து மாறுபவை.

இந்தக் கட்டுரை 1941 முதல் 1945 வரை போருக்காகச் செய்யப்பட்ட வில்லிஸ் எம்பி, அதன் வழிவந்த சிஜே வரிசை, 1987இல் தொடங்கிய ராங்ளர் ஆகியவற்றில் வந்த கைக் கியர்பாக்ஸ்களைப் பற்றியது. நம் ஊரில் ஓடும் மகிந்திரா ஜீப்புகள் இதே குடும்பத்தின் கிளை என்பதால் அவற்றையும் ஓரிடத்தில் பார்ப்போம்.

தொடங்குமுன் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். வண்டியின் ஆண்டை வைத்துக் கியர்பாக்ஸை முடிவு செய்யக் கூடாது. ஐம்பது ஆண்டு ஓடிய ஜீப்பில் தொழிற்சாலையில் பூட்டிய கியர்பாக்ஸே இன்னும் இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. மலைச்சாலையில் கியர்பாக்ஸ் உடைந்தால், பக்கத்து ஊரில் கிடைத்த வேறொரு ஜீப்பின் கியர்பாக்ஸைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போவதுதான் அன்றைய வழக்கம். நானும் என் முதல் ஜீப்புக்குப் பதிவுப் புத்தகத்தில் இருந்த ஆண்டைச் சொல்லித்தான் பேரிங்குகளையும் சிங்க்ரோ வளையங்களையும் தருவித்தேன். கியர்பாக்ஸைப் பிரித்து மேசையில் பரப்பிய பிறகுதான் வந்த பாகங்களில் ஒன்றுகூட அதற்குரியதல்ல என்று தெரிந்தது. சரியான பாகங்கள் வந்து சேரும்வரை வண்டி ஆறு வாரம் கொட்டகையிலேயே நின்றது. அன்றிலிருந்து, ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று அடையாளங்களாவது ஒரே பெயரைச் சொன்னால் அல்லாமல் ஒரு பாகம்கூட வாங்குவதில்லை.

எந்தக் காலத்தில் எது வந்தது

ஆண்டை நம்பக் கூடாது என்றாலும், எந்தக் காலத்தில் எந்தக் கியர்பாக்ஸ் வந்தது என்ற வரிசை மனத்தில் இருக்க வேண்டும். எதிர்பார்ப்பு ஒன்று இருந்தால்தான் கண்ணில் படுவது அதிலிருந்து விலகும்போது உடனே உறைக்கும்.

வில்லிஸ் எம்பியிலும் அதே வடிவில் ஃபோர்டு செய்த ஜிபிடபிள்யூவிலும் டி-84 என்ற மூன்று கியர் பெட்டி இருந்தது. போர் முடிந்து பொதுமக்களுக்கான சிஜே-2ஏ வந்தபோது, அதைவிட உறுதியான டி-90 வந்தது. சிஜே-2ஏயின் தொடக்ககால வண்டிகளில் கியர் தண்டு ஸ்டியரிங் தூணில் இருந்தது. அவற்றில் டி-90இன் மாற்றும் அமைப்பு பெட்டியின் பக்கவாட்டு மூடியில் இருக்கும். பின்னர் வந்தவற்றில் தண்டு தரைக்கு மாறி, மேல் மூடியின் வழியாக இறங்கியது. சிஜே-3ஏ, உயர்ந்த பானட் கொண்ட சிஜே-3பி, 1950களின் நடுவில் வந்த சிஜே-5 என்று 1971 வரை நான்கு சிலிண்டர் ஜீப்புகளின் வழக்கமான கியர்பாக்ஸ் டி-90தான். கூடுதல் தொகைக்கு டி-98 என்ற நான்கு கியர் பெட்டியும் சிலவற்றில் கிடைத்தது.

1965இல் சிஜே-5க்கு டான்ட்லெஸ் என்ற வி6 இஞ்சின் வந்தது. அதனுடன் முதலில் டி-86ஏஏவும் பிறகு டி-14ஏவும் வந்தன. இரண்டுமே மூன்று கியர் பெட்டிகள். 1970இல் ஏஎம்சி (அமெரிக்கன் மோட்டார்ஸ்) ஜீப்பை வாங்கியது. 1972 முதல் அந்த நிறுவனத்தின் ஆறு சிலிண்டர், வி8 இஞ்சின்கள் சிஜேக்குள் வந்ததால் பழைய பெட்டிகளில் பெரும்பாலானவை ஓய்வு பெற்றன. அப்போது மூன்று கியருக்கு டி-15உம், 1976 முதல் டி-150உம், கனமான நான்கு கியருக்கு டி-18உம் வந்தன. 1980 இன்னொரு எல்லைக்கோடு. அந்த ஆண்டு நான்கு கியர் கொண்ட எஸ்ஆர்-4உம் டி-176உம் வந்தன. 1982இல் எஸ்ஆர்-4இன் இடத்தை டி-4 எடுத்துக்கொண்டது. அதனுடன் ஐந்து கியர் டி-5உம் சேர்ந்தது. 1986இல் சிஜே வரிசை முடிந்தது.

ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே

வண்டிக்கு அடியில் போகுமுன் இருக்கையில் அமர்ந்து பார்க்க வேண்டியவை சில உண்டு. இஞ்சினை நிறுத்தி, கிளட்சை முழுதாக மிதித்து, தண்டை ஒவ்வொரு பள்ளத்திலும் இறக்கிப் பாருங்கள். முன்னோக்கிய கியர்கள் எத்தனை, ரிவர்ஸ் எந்த மூலையில் விழுகிறது என்று தாளில் வரைந்துகொள்ளுங்கள். தண்டின் குமிழில் பொறித்த படத்தையோ டாஷ்போர்டில் அறைந்த தகட்டையோ பார்த்து வரையக் கூடாது. அவை இரண்டும் புதிதாகக் கடையில் கிடைப்பவை, அழகுக்காக மாற்றப்பட்டிருக்கலாம். கை உணர்வதை மட்டும் எழுதுங்கள்.

டி-84, டி-90 இரண்டிலும் ரிவர்ஸ் இடப்பக்க முன்புறத்திலும், முதல் கியர் அதற்கு நேர் பின்னாலும், இரண்டாவது வலப்பக்க முன்புறத்திலும், மூன்றாவது அதற்குப் பின்னாலும் இருக்கும். டி-5இல் ஐந்தாவது கியர் வலப்பக்க முன்புறம், ரிவர்ஸ் அதற்கு நேர் பின்னால்.

கியரை எண்ணும்போது உரிமையாளர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். டி-98, டி-18 போன்ற பெட்டிகளில் முதல் கியர் மிக மெதுவானது. ஏற்றத்தில் பாரம் இழுக்கவும் சேற்றில் ஊர்ந்து வெளியேறவும் மட்டுமே பயன்படுவது. சமதரையில் இரண்டாவது கியரிலேயே வண்டியை எடுப்பதால், சில ஓட்டுநர்கள் அந்த முதல் கியரைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. "மூன்று கியர்தான்" என்று அவர்கள் மனமாரச் சொல்வார்கள். பெட்டியிலோ நான்கு இருக்கும்.

அடுத்து, முதல் கியருக்குச் சிங்க்ரோ உண்டா என்பது. டி-84, டி-90, டி-86ஏஏ மூன்றிலும் முதல் கியருக்குச் சிங்க்ரோ கிடையாது. டி-14ஏ, டி-15, டி-150 ஆகியவற்றில் முன்னோக்கிய எல்லாக் கியருக்கும் உண்டு. டி-18இல் முதல் கியருக்கு மட்டும் இல்லை. டி-176இல் நான்குக்கும் உண்டு. ஆளில்லாத சமதரையில், நடக்கும் வேகத்தில் வண்டி உருளும்போது கிளட்சை மிதித்து, இரண்டாவதிலிருந்து முதலுக்கு மெல்லத் தண்டை நகர்த்துங்கள். ஓசையின்றி வழுக்கி விழுந்தால் முதல் கியருக்குச் சிங்க்ரோ இருக்கிறது என்று உறுதியாகக் கொள்ளலாம். பற்கள் உரசும் ஓசை கேட்டால் உடனே விட்டுவிடுங்கள். அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. சிங்க்ரோ இல்லாததால் உரசியிருக்கலாம். இருந்த சிங்க்ரோ வளையம் தேய்ந்து போனதாலும் உரசியிருக்கலாம். கிளட்ச் முழுதாக விடுபடாததாலும் உரசியிருக்கலாம். இது ஒரு பக்கம் மட்டுமே பேசும் சோதனை. பலர் இதை இருபக்கச் சோதனையாக எடுத்துக்கொண்டு, தேய்ந்த டி-150ஐ டி-90 என்று எழுதி வைத்துவிடுகிறார்கள்.

கடைசியாக, கியர் தண்டுக்குப் பக்கத்தில் நிற்கும் சிறு தண்டுகளைப் பாருங்கள். அவை கியர்பாக்ஸின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு உரியவை. முன்சக்கர இழுவைக்கு ஒன்று, ஹை-லோவுக்கு ஒன்று என இரண்டு இருந்தால் அது பெரும்பாலும் ஸ்பைசர் 18 என்ற பழைய டிரான்ஸ்ஃபர் கேஸ். அது 1941 முதல் 1971 வரை வந்தது. 1972இல் டானா 20உம், 1980இல் டானா 300உம் சிஜேக்கு வந்தன. ஸ்பைசர் 18இல் பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட் வண்டியின் நடுக்கோட்டில் போகாமல் வலப்பக்கம் ஒதுங்கிப் போகும். குனிந்து ஒரு பார்வை பார்த்தாலே தெரியும். டானா 20இலும் 300இலும் பின் ஷாஃப்ட் கியர்பாக்ஸின் நேர்க்கோட்டிலேயே போகும். டிரான்ஸ்ஃபர் கேஸின் வகை கியர்பாக்ஸை நேரடியாகச் சொல்லாது என்றாலும், ஸ்பைசர் 18க்கு முன்னால் டி-176 உட்கார்ந்திருந்தால் யாரோ இடையில் அடாப்டர் வைத்து மாற்றியிருக்கிறார் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

வண்டிக்கு அடியில்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கும் கட்டை கொடுத்து, உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் ஏற்றிய பிறகே அடியில் போக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் படுக்கக் கூடாது. தேவைப்படும் பொருள்கள் எளிமையானவை: கம்பித் தூரிகை, மண்ணெண்ணெய் அல்லது டீசலில் நனைத்த துணி, பழைய பல்துலக்கி, டார்ச், சிறு கண்ணாடி, வெள்ளைச் சாக்பீஸ், ஒரு காந்தம், அளவு நாடா.

முதல் வேலை துடைப்பது. இதில் அவசரப்படுவதால்தான் பாதித் தவறுகள் நேர்கின்றன. எண்ணெயும் புழுதியும் சேர்ந்து கெட்டிப்பட்ட படலம் விரல் கனத்துக்கு இருக்கும். அதைச் சுரண்டாமல் வார்ப்பு எழுத்தைத் தேடுவது வீண். பெட்டியின் இரு பக்கங்கள், மேல் மூடி, அடிப்பக்கம், பின்முகம் என எல்லாவற்றையும் உலோகம் தெரியும்வரை துடைத்துவிடுங்கள்.

பிறகு காந்தத்தை எடுங்கள். டி-84, டி-90, டி-86ஏஏ, டி-14ஏ, டி-15, டி-150, டி-98, டி-18, டி-176 ஆகிய எல்லாவற்றின் பெட்டியும் வார்ப்பிரும்பு; காந்தம் ஒட்டும். எஸ்ஆர்-4, டி-4, டி-5 மூன்றின் பெட்டியும் அலுமினியம், ஒட்டாது. அரை நிமிட வேலைதான். ஆனால் 1980க்குப் பிந்தைய நான்கு கியர் சிஜே ஒன்றைப் பார்க்கும்போது இதைவிடப் பயனுள்ள சோதனை வேறில்லை. ஒட்டினால் டி-176 பக்கம், ஒட்டாவிட்டால் எஸ்ஆர்-4 அல்லது டி-4 பக்கம் என்று அப்போதே வழி பிரிந்துவிடும். காந்தத்தைப் பெட்டியின் பக்கச் சுவரில்தான் வைக்க வேண்டும். டி-176இன் மேல் மூடி மட்டும் அலுமினியம் என்பதால், மூடியில் வைத்துப் பார்த்தவர் ஏமாந்துவிடுவார். கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கிலும் வைக்கக் கூடாது; அது தனிப் பாகம்.

உருவ அளவும் உதவும். டி-18இன் பெட்டி ஏறத்தாழ 12 அங்குல நீளம். மூன்று கியர் பெட்டிகளுக்குப் பக்கத்தில் அது கனமாகவும் நீளமாகவும் தெரியும். டி-98, டி-18 இரண்டின் பக்கச் சுவரிலும் ஆறு போல்ட் கொண்ட தட்டையான மூடி இருக்கும். பம்பு, வின்ச் போன்றவற்றுக்குச் சக்தி எடுக்க விடப்பட்ட வாய் அது. இவ்விரண்டும் தோற்றத்தில் அண்ணன் தம்பி போலிருப்பதால் கண்ணால் மட்டும் பிரித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். வார்ப்பு எழுத்தைத்தான் பார்க்க வேண்டும். அதேபோல டி-4உம் டி-5உம் ஒரே குடும்பத்தவை. டி-5இன் ஐந்தாவது கியர் மட்டும் பின்புறத்தில் கூடுதலாக அமைந்திருக்கும். இவற்றைப் பிரிக்க இருக்கையில் அமர்ந்து கியரை எண்ணியதே போதும்.

வார்ப்பு எழுத்துகளைப் படிப்பது

உலோகம் தெரிந்ததும் சாக்பீஸைப் படுக்க வைத்து மேற்பரப்பில் தேய்த்தால், உயர்ந்து நிற்கும் எழுத்துகள் மட்டும் வெள்ளையாக மேலே வரும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நிழல் விழுந்து எழுத்து துலங்கும். மேல்புறம் எட்டாத இடங்களுக்குக் கண்ணாடி. அதில் எழுத்து இடம்மாறித் தெரியும் என்பதால், ஒளிப்படம் எடுத்துத் திருப்பிப் பார்ப்பது நல்லது.

இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றைச் செய்தது வார்னர் கியர் நிறுவனம். அவர்களுடைய வார்ப்பு எண் வாசிக்க எளிதானது. முதலில் கியர்பாக்ஸின் பெயர் வரும்; பிறகு ஒரு கோடு; பிறகு அந்தப் பாகத்துக்கான எண். வெளிப்பெட்டிக்கு 1, பின்னால் நீளும் வால்பகுதிக்கு 7 என்பது அவர்களுடைய வழக்கம். ஆகவே டி-90ஏ-1 என்ற வகையில் ஓர் எழுத்து பெட்டியின் பக்கத்தில் தெரிந்தால், அது டி-90 குடும்பத்துப் பெட்டி. பெயருக்குப் பின்னால் வரும் ஏ, சி போன்ற எழுத்துகளை விட்டுவிடாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வார்ப்பு எண் சொல்வது அந்த வெளிப்பெட்டியைப் பற்றி மட்டும்தான். ஒரே அச்சில் வார்த்த பெட்டியை வேறு வேறு பற்சக்கரக் கட்டமைப்புகளுக்குப் பயன்படுத்துவது வழக்கம். டி-18 என்று தெளிவாகத் தெரிந்தாலும் அதன் முதல் கியர் விகிதம் (வெளிவரும் தண்டின் ஒரு சுற்றுக்கு இஞ்சின் சுற்றும் சுற்றுகள்) 4.02ஆகவும் இருக்கலாம், 6.32ஆகவும் இருக்கலாம். இரண்டுக்கும் பற்சக்கரங்கள் வேறு. பெட்டியைப் பார்த்துவிட்டுப் பற்சக்கரம் வாங்கியவர் பலர் கையைப் பிசைந்திருக்கிறார்கள்.

தயாரிப்பாளர் திருகியோ கட்டியோ வைத்த சிறு தகடு கிடைத்தால் அது பெரும் பேறு. டி-5இல் வால்பகுதியின் போல்ட் ஒன்றோடு சேர்த்து மாட்டிய தகட்டில் 1352 என்று தொடங்கும் எண் இருக்கும். அதற்கடுத்து வரும் இலக்கங்கள் அது எந்த வண்டிக்கு, எந்த விகிதங்களோடு செய்யப்பட்டது என்பதைச் சொல்பவை. எஸ்ஆர்-4ஐயும் டி-4ஐயும் பிரிக்கவும் தகடுதான் நல்ல வழி. முன்பு பழுது பார்த்தவர்கள் போல்டைக் கழற்றியபோது தகட்டை வீசிவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. ஆகவே தகடு இல்லாததைப் பற்றி வருந்த வேண்டாம். இருந்தால் மட்டும் அதன் எண் முழுவதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சுற்றுகளை எண்ணுதல்

தகடும் இல்லை, எழுத்தும் தேய்ந்துவிட்டது என்றாலும் பற்சக்கரங்களின் விகிதம் மாறாது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. பெட்டிக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்பதை, பிரிக்காமலே சொல்லும் சோதனை இது ஒன்றுதான். இஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றினால் கியர்பாக்ஸிலிருந்து வெளிவரும் தண்டு ஒரு சுற்றுச் சுற்றுகிறது என்பதை எண்ணப்போகிறோம்.

வண்டியின் நான்கு சக்கரங்களுக்கும் கட்டை கொடுங்கள். பேட்டரியின் இணைப்பைக் கழற்றுங்கள். இஞ்சின் இலகுவாகச் சுழல ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துவிடுங்கள். பின் புரொப்பெல்லர் ஷாஃப்டை டிரான்ஸ்ஃபர் கேஸின் பக்கத்தில் கழற்றிக் கட்டி வையுங்கள். ஸ்பைசர் 18 உள்ள ஜீப்பில் கைப்பிரேக்கின் டிரம், டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்தண்டிலேயே இருக்கும். அதனால் ஷாஃப்டைக் கழற்றிய நொடியிலிருந்து அந்த வண்டிக்குக் கைப்பிரேக் கிடையாது. சக்கரக் கட்டைகள்தான் காப்பு. எண்ணுவதற்கு அந்த டிரம் வசதியானது; அது இல்லாத வண்டியில் பின்தண்டையே பார்த்து எண்ணலாம். அதன் விளிம்பில் சாக்பீஸால் ஒரு கோடும், அதற்கு நேராக அசையாத பகுதியில் ஒரு கோடும் போடுங்கள். கைப்பிரேக்கை விடுவித்து, டிரான்ஸ்ஃபர் கேஸை ஹை நிலையிலும், முன் இழுவையை விலக்கியும் வையுங்கள். அந்த நிலையில் டிரான்ஸ்ஃபர் கேஸ் சுற்றைக் கூட்டுவதோ குறைப்பதோ இல்லை. உள்ளே வருவது அப்படியே வெளியே போகும்.

முதல் கியரைப் போட்டு, ஒருவர் முன்னால் கைப்பிடியால் இஞ்சினைச் சுற்றட்டும். பழைய நான்கு சிலிண்டர் ஜீப்புகளில் அதற்கென்றே பம்பருக்குப் பின்னால் வழி உண்டு. பிந்தைய வண்டிகளில் கிராங்க் புல்லியின் போல்டில் நீளமான கைப்பிடி கொண்ட சாக்கெட்டை மாட்டிச் சுற்றலாம். இன்னொருவர் டிரம்மைப் பார்த்துக்கொண்டு, அது சரியாகப் பத்துச் சுற்று முடித்ததும் குரல் கொடுக்கட்டும். ஒரு சுற்றை மட்டும் எண்ணினால் பற்களின் தளர்வே பிழையாகிவிடும். பத்துச் சுற்று எண்ணினால் பிழை பத்தில் ஒன்றாகிறது.

டி-84இன் முதல் கியர் விகிதம் 2.665. எனவே டிரம் பத்துச் சுற்று முடிக்க இஞ்சின் 26 சுற்றும் இன்னொன்றில் பாதிக்குச் சற்று மேலும் சுற்ற வேண்டும். டி-90இல் விகிதம் 2.798, இஞ்சின் ஏறத்தாழ 28 சுற்று. இடையில் ஒன்றேகால் சுற்றுக்கு மேல் வேறுபாடு இருப்பதால், கவனமாக எண்ணினால் எம்பியில் பின்னாளில் டி-90 புகுந்திருக்கிறதா என்பது வெளியாகிவிடும். முப்பத்து மூன்று சுற்றையும் தாண்டினால் திகைக்க வேண்டாம். டி-90சி என்ற உட்பிரிவில் முதல் கியர் 3.339, வெளித்தோற்றத்தில் அது டி-90தான். டி-15உம் டி-150உம் ஏறத்தாழ 30 சுற்றுக் காட்டும் என்பதால் இந்தச் சோதனை அவ்விரண்டையும் பிரிக்காது. அங்கே வார்ப்பு எழுத்தே துணை. நான்கு கியர் பெட்டிகளில் டி-176 பெரும்பாலும் 35 சுற்றுக் காட்டும். 63 அல்லது அதற்கு மேல் போனால் டி-18இன் மெதுவான வகை, அல்லது டி-98.

நாற்பது சுற்று வந்தால்தான் யோசிக்க வேண்டும். டி-18இன் இன்னொரு வகையும் (4.02), டி-4, டி-5 இரண்டும் (4.03) ஒரே எண்ணிக்கையைத்தான் காட்டும். பத்துச் சுற்று எண்ணி இவற்றைப் பிரிக்க முடியாது. ஆனால் காந்தம் ஒரே தொடுதலில் பிரித்துவிடும். ஒன்று இரும்பு, மற்றவை அலுமினியம். மூன்று அடையாளங்கள் வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னது இப்படிப்பட்ட இடங்களை நினைத்துத்தான்.

முதல் கியர் முடிந்ததும் மற்ற கியர்களையும் எண்ணி எழுதுங்கள். நான்கு கியர் வரையிலான இந்தப் பெட்டிகளில் கடைசிக் கியர் நேரடி இணைப்பு. பத்துக்குப் பத்து வர வேண்டும். டி-5இன் ஐந்தாவதில் டிரம் பத்துச் சுற்று முடிக்க இஞ்சினுக்குப் பத்துக்கும் குறைவான சுற்றே தேவைப்படும்.

ராங்ளர் வந்த பிறகு

1987 முதல் கதை எளிதாகிறது. நான்கு சிலிண்டர் ராங்ளரில் ஐசின் நிறுவனத்தின் ஏஎக்ஸ்-5 வந்தது. ஆறு சிலிண்டரில் முதலில் பிரான்சின் பெஷோ வடிவமைத்த பிஏ-10/5உம், 1989இன் நடுவிலிருந்து ஐசினின் ஏஎக்ஸ்-15உம் வந்தன. மூன்றுமே ஐந்து கியர், மூன்றுமே அலுமினியம் என்பதால் இங்கே காந்தத்துக்கு வேலை இல்லை. பெட்டியின் இணைப்புக்கோடு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். பிஏ-10/5இன் பெட்டி நீளவாக்கில் இரண்டாகப் பிளந்த நெற்றைச் சேர்த்து மூடியது போல இருக்கும். இணைப்புக்கோடு முன்னிருந்து பின்னாக ஓடும். ஏஎக்ஸ்-5, ஏஎக்ஸ்-15 இரண்டிலும் முன்பெட்டி, பின்பெட்டி, இடையில் ஒரு தட்டு என்று குறுக்காக அடுக்கியிருக்கும். கோடுகள் பெட்டியைச் சுற்றி வளையமாக ஓடும். இந்த வேறுபாட்டை ஒருமுறை நேரில் பார்த்தவர் மறக்க மாட்டார்.

ஏஎக்ஸ்-5ஐயும் ஏஎக்ஸ்-15ஐயும் பிரிக்க, கியர்பாக்ஸ் கழற்றப்பட்டிருந்தால் பல்வரிசையை எண்ணலாம். பின்தண்டில் ஏஎக்ஸ்-5க்கு 21 பல், ஏஎக்ஸ்-15க்கு 23. ஏஎக்ஸ்-15 உள்ள ராங்ளரில் கிளட்சை இயக்கும் ஹைட்ராலிக் சிலிண்டர் 1993 வரை பெல் ஹவுசிங்குக்கு உள்ளேயும், 1994 முதல் வெளியேயும் இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கிளட்ச் பாகம் வாங்கும்போது தேவைப்படும்.

நம் ஊர் ஜீப்புகள்

மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகளைப் பாகங்களாகத் தருவித்துப் பம்பாயில் பூட்டத் தொடங்கி, பிறகு உரிமம் பெற்று இங்கேயே தயாரித்தது. உயர்ந்த பானட் கொண்ட சிஜே-3பி அமெரிக்காவில் 1968இல் நின்ற பிறகும் இங்கே நெடுங்காலம் தொடர்ந்தது. அந்த வண்டிகளில் மேலே சொன்ன மூன்று கியர் டி-90ஐ எதிர்பார்க்கலாம். பின்னர் வந்த எம்எம்540இல் கேஎம்டி-90 என்ற நான்கு கியர் பெட்டி இருந்தது. பெயரின் கடைசிப் பகுதி ஒன்றாக இருப்பதால் பட்டறைகளிலும் பழைய உதிரிபாகக் கடைகளிலும் "90 பெட்டி" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார்கள். அவை வேறு வேறு பெட்டிகள். கடையில் கேட்கும்போது மூன்று கியரா நான்கு கியரா என்பதை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு பெயரைச் சொல்லுங்கள். அதன் பிறகு பெஷோவின் ஐந்து கியர் பிஏ-10உம் மகிந்திராவுக்கு வந்தது. ராங்ளரின் பிஏ-10/5க்கு அது உறவுதான் என்றாலும், ஒன்றின் பாகம் மற்றொன்றில் சேரும் என்று அளந்து பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

தேனி மாவட்டத்திலிருந்து கேரளத்து ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளைப் போல நாள்தோறும் மலையேறிய வண்டியை வாங்கினால், கியர்பாக்ஸ் ஒருமுறையாவது மாறியிருக்கும் என்றே வைத்துக்கொண்டு தொடங்குங்கள். அப்படிப்பட்ட வண்டிகளில் பெட்டி ஒன்றினுடையதாகவும், மேல் மூடி இன்னொன்றினுடையதாகவும், உள்ளே இருக்கும் பற்சக்கரம் மூன்றாவதாகவும் இருப்பதுண்டு.

அடையாளங்கள் முரண்படும்போது

வார்ப்பு எழுத்து ஒன்றைச் சொல்லி, சுற்று எண்ணிக்கை வேறொன்றைச் சொன்னால், பலர் தமக்குப் பிடித்த விடையை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல், மறுநாள் புதிதாக இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். மறுபடியும் அதே முரண் வந்தால் இரண்டுமே உண்மை என்றுதான் பொருள்: ஓடு ஒரு வகை, உள்ளே இருப்பது வேறு வகை. கேஸ்கட்டையும் வெளிமூடிகளையும் ஓட்டின் அடையாளத்தின்படி வாங்க வேண்டும். பற்சக்கரங்களையும் சிங்க்ரோ வளையங்களையும் வாங்குமுன், எண்ணெயை வடித்து மேல் மூடியைத் திறந்து, பற்களை நேரில் எண்ண வேண்டும். மேல்மூடி உள்ள இந்தப் பெட்டிகளில் தண்டு நியூட்ரலில் இருக்கும்போது மூடியை நேராக மேலே தூக்கினால், கியர் நகர்த்தும் கவைகள் மூடியோடு வந்துவிடும். திரும்ப வைக்கும்போது அந்தக் கவைகள் உரிய பள்ளங்களில் உட்கார்ந்தனவா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகே போல்டை இறுக்குங்கள்.

வடித்த எண்ணெயை வீசிவிடாமல் வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். பித்தளைப் பொடி மின்னினால் சிங்க்ரோ வளையம் தேய்கிறது. இரும்புத் துணுக்கு கிடந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. புதிய எண்ணெய் ஊற்றும்போது, பித்தளை வளையம் உள்ள பழைய பெட்டிகளுக்கு ஜிஎல்-4 தர எண்ணெயே பாதுகாப்பு. ஜிஎல்-5 எண்ணெய்கள் பலவற்றில் சேர்க்கப்படும் கந்தகச் சேர்மங்கள் அந்த வளையங்களை அரிக்கக் கூடியவை.

கண்டுபிடித்தவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி வண்டியின் காகிதங்களோடு வையுங்கள்: வார்ப்பு எழுத்துகள் எந்தப் பக்கத்தில் இருந்தன, காந்தம் எங்கே ஒட்டியது, ஒவ்வொரு கியருக்கும் எத்தனை சுற்று, டிரான்ஸ்ஃபர் கேஸ் எது, ஊற்றிய எண்ணெய் எது, தேதி என்ன. தயாரிப்பாளரின் தகடு கிடைத்திருந்தால் அதை எடுத்த போல்டிலேயே திரும்ப மாட்டுங்கள். கிடைக்காதிருந்தால், ஒரு சிறு அலுமினியத் துண்டில் வகையையும் முதல் கியர் விகிதத்தையும் பொறித்து, மேல் மூடியின் போல்ட் ஒன்றின் கீழ் இருத்திவிடுங்கள். அடுத்து அந்த வண்டிக்கு அடியில் படுப்பவர் யாராக இருந்தாலும், முதலில் அவர் கையில் தட்டுப்படுவது அதுவாக இருக்கட்டும்.